ஊர்காண் காதைக்குப் பிறகு

பழைய பட்டணத்துத் தெருக்களைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து அதைப் பற்றி எழுதுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து பேர் சென்னைப் பாரிமுனையில் கூடுகிறார்கள். விஷயம் தெரிந்த ஒருவர் முன்னால் நடக்கிறார். ஆர்மீனியன் தெரு, தம்புச் செட்டித் தெரு, பவழக்காரத் தெரு, தங்கசாலைத் தெரு என்று ஜார்ஜ் டவுனை ஒரு சுற்றுச் சுற்றி, சௌகார்பேட்டையில் ஏதாவது தின்றுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கலைந்துவிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் பிறகு கட்டுரை எழுதுகிறார்.

இந்தக் கட்டுரைகளை நான் விரும்பிப் படிக்கிறவன். ஆனால் அவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதலில் நெரிசலும் குப்பையும் சாக்கடை நாற்றமும் வரும். அப்புறம் ஒரு மாதா கோயில், ஒரு மசூதி, ஒரு சமணக் கோயில், ஒரு அம்மன் கோயில். எல்லா ஜாதியாரும் எல்லா மதத்தாரும் இங்கே ஒரு குடும்பம் போலக் கலந்து வாழ்ந்தார்கள் என்று ஒரு வாக்கியம். கடைசியில், பழைய கட்டிடங்களெல்லாம் இடிந்துகொண்டிருக்கின்றனவே என்று ஒரு பெருமூச்சு.

பெருமூச்சில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ‘ஒரு குடும்பம்’ என்கிற வாக்கியத்தில்தான் ஆட்சேபம். அது உண்மைதானா என்பது ஒரு கேள்வி. ஒரு பேட்டையை இப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இரண்டாவது கேள்வி நாவல் எழுதுகிறவர்களையும் நாவல் படிக்கிறவர்களையும் நேராகத் தொடுவது. ஆகவே அதை இலக்கியத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

ஊரைச் சுற்றிப் பார்ப்பது தமிழுக்குப் புதிது இல்லை. சிலப்பதிகாரத்தில் அதற்கென்றே ஊர்காண் காதை இருக்கிறது. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் மதுரைக்குள் போகிறான். கணிகையர் வீதி, கடைவீதி, மணி விற்கும் தெரு, பொற்கடைத் தெரு, அறுவை வீதி, கூல வீதி எல்லாம் பார்க்கிறான். மணித் தெருவில் இன்ன மணிக்கு இன்ன குணம், இன்ன குற்றம் என்று அறிந்த வல்லுநர்கள் இருக்கிறார்கள். இளங்கோவடிகள் அந்தப் பட்டியலை ஆற அமரச் சொல்லுகிறார். படிக்கிறவன் சில சமயம் பொறுமை இழக்கிறான். கோவலனுக்கு இங்கே ஒன்றும் நேருவதில்லை. அவன் பார்த்துவிட்டுத் திரும்புகிறான்.

மறுபடியும் அதே ஊருக்குள் அவன் போவது கொலைக்களக் காதையில். இந்தத் தடவை அவன் கையில் ஒரு சிலம்பு இருக்கிறது. விற்பதற்காகப் போகிறான். இப்போது கடைவீதியின் வர்ணனை இல்லை, பட்டியல் இல்லை. எதிரே ஒரு பொற்கொல்லன் வருகிறான், அத்தோடு சரி. முதல் தடவை முழு மதுரையையும் பார்த்தவன் இந்தத் தடவை ஒரே ஒரு மனிதனைத்தான் பார்க்கிறான். மதுரை என்ன என்பது அவனுக்குத் தெரிவது இப்போதுதான்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சிலம்புக்குள்ளே இருப்பது மாணிக்கமா, முத்தா என்பதில்தான் வழக்கே நிற்கிறது. மணியின் குணமும் குற்றமும் அறிந்தவர்கள் நிறைந்த ஒரு தெருவே அந்த ஊரில் இருந்தது. கோவலன் அதன் வழியாக நடந்தும் போயிருந்தான். தீர்ப்புச் சொல்லும் நேரத்தில் அந்தத் தெருவில் ஒருவரையும் யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஊர்காண் காதையை வெறும் வர்ணனை என்று தள்ளிவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தக் கொடுமை அகப்படாது. அதோடு நின்றுவிடுகிறவர்களுக்கும் அகப்படாது.

17-ஆம் நூற்றாண்டில் வேங்கடாத்வரி என்பவர் சமஸ்கிருதத்தில் விச்வகுணாதர்ச சம்பு என்று ஒரு நூல் எழுதினார். காஞ்சிப் பக்கத்துக்காரர். இரண்டு கந்தர்வர்கள் விமானத்தில் ஏறிப் பாரத தேசத்தின் மேல் பறந்து போகிறார்கள். கிருசானு என்பவன் எங்கேயும் குற்றமே காண்பான்; விசுவாவசு குணமே காண்பான். திருவல்லிக்கேணியின் மேல் வரும்போது, அங்கே குடியேறியிருக்கும் ஹூணர்கள் என்று வெள்ளைக்காரர்களைப் பற்றியும் ஒரு தர்க்கம் நடக்கிறது. நம்முடைய நடைக் கட்டுரைகளில் இந்த இரண்டு கந்தர்வர்களும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். நாற்றத்தைச் சொல்லுகிறவர் கிருசானு, ஒற்றுமையைச் சொல்லுகிறவர் விசுவாவசு. இவர்கள் கால் தரையில் பட நடக்கிறார்கள் என்பதைத் தவிர வித்தியாசம் இல்லை. பார்வை விமானத்திலிருந்து பார்க்கிற பார்வையாகவேதான் இருக்கிறது.

சரி, தரையில் என்ன இருக்கிறது? ஜார்ஜ் டவுனையே எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பேட்டைக்கு ஜார்ஜ் மன்னர் பெயர் வந்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் வெள்ளைக்காரர்கள் இதைக் கறுப்பர் பட்டணம் என்றார்கள். அந்தப் பெயரும் முதலில் இந்த இடத்துக்கு உரியது இல்லை. முதல் கறுப்பர் பட்டணம் கோட்டையை ஒட்டி, இன்று ஹைகோர்ட் இருக்கிற பக்கத்தில் இருந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749-இல் அது இங்கிலீஷ்காரர்களிடம் திரும்பியது. அந்தச் சண்டைகளிலும் அதற்குப் பிறகும் அந்தப் பழைய பட்டணம் இடித்துத் தள்ளப்பட்டது. கோட்டையிலிருந்து சுடும் குண்டுக்கு முன்னால் வீடுகள் மறைப்பாக இருக்கக் கூடாது என்பதுதான் காரணம். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. பிறகு அது இன்றைய தேவராஜ முதலித் தெருவில் எழுந்தது. காலி செய்த வெளியின் எல்லையைக் காட்ட 1773-இல் ஆறு தூண்கள் நட்டார்கள். அவற்றில் ஒன்று பாரிமுனைக் கட்டிடத்தின் ஓரத்தில் இன்னும் நிற்கிறது. நடைக்காரர்கள் கூடும் இடமே அதற்குப் பக்கத்தில்தான். இதற்குத் தெற்கே நீ வீடு கட்டாதே என்று சொன்ன கல் அது.

அதற்கு வடக்கே ஏற்கெனவே இருந்த முத்தியாலுப்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் புதிய கறுப்பர் பட்டணமாயின. அங்கேயாவது எல்லோரும் கலந்து வாழ்ந்தார்களா? 1707-இல் வலங்கை ஜாதியாருக்கும் இடங்கை ஜாதியாருக்கும் பெரிய தகராறு மூண்டது. எந்தத் தெருவில் யார் கல்யாண ஊர்வலம் போகலாம் என்பது போன்ற விஷயம். நமக்கு அற்பமாகப் படலாம். அவர்களுக்கு அது மானத்தின் அளவுகோல். கவர்னர் தாமஸ் பிட் மத்தியஸ்தம் செய்து பெத்துநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியாலுப்பேட்டை இடங்கைக்கு என்று ஏற்பாடாயிற்று. எல்லைக் கற்களும் நட்டார்கள். ஆக, நாம் இன்று ஒரு மணி நேரத்தில் நடந்து கடக்கிற இந்த இரண்டு பேட்டைகளும் கோடு கிழித்துப் பிரிக்கப்பட்டவை. பிரிந்திருந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் வியாபாரம் செய்தார்கள். கடன் கொடுத்தார்கள், கடன் வாங்கினார்கள். வழக்குத் தொடுத்தார்கள். ஒரே தெருவில் பல பாஷை கேட்டதற்குக் காரணம் அன்பு என்று சொல்லுவதற்கு எனக்கு நா எழவில்லை. காரணம் கணக்கு.

கணக்கு என்று சொன்னால் அதைக் கேவலமாகச் சொல்லுகிறேன் என்று நினைக்கவேண்டாம். ஆர்மீனியன் தெருவைப் பாருங்கள். 1688-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆர்மீனிய வணிகர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. கம்பெனியின் ஊர்களில் அவர்கள் குடியிருக்கலாம், வியாபாரம் செய்யலாம். 40 பேருக்குக் குறையாமல் ஓர் ஊரில் சேர்ந்தால் கம்பெனியே கோயில் கட்ட இடம் தரும். பக்திக்குக்கூட அதில் எண்ணிக்கை இருந்தது. இன்று நாம் பார்க்கிற ஆர்மீனியக் கோயில் 1772-இல் எழுந்தது. தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் இருக்கின்றன. நடைக்காரர்கள் எல்லோரும் அவற்றைப் படம் எடுக்கிறார்கள்.

அந்த முற்றத்தில்தான் ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்கிற பாதிரியாரின் கல்லறை இருக்கிறது. பாரசீகத்து ஷீராஸ் நகரத்தில் பிறந்தவர். உலகத்திலேயே ஆர்மீனிய மொழியின் முதல் பத்திரிகையை 1794-இல் சென்னையில் அவர் அச்சிட்டார். ‘அஸ்தரார்’ என்று பெயர். இரண்டு வருஷத்தில் நின்றுபோயிற்று. பத்திரிகை நடத்திக் கையைச் சுட்டுக்கொள்ளும் வித்தை இந்த ஊருக்கு எவ்வளவு பழையது பாருங்கள்! அவருக்கும் முன்னால் ஷாஹமீர் ஷாஹமீரியன் என்ற பணக்கார வணிகர் இங்கேயே அச்சகம் வைத்து, 1773 என்று தேதியிட்ட ஒரு புத்தகம் வெளியிட்டார். சுதந்திர ஆர்மீனியாவுக்கு ஓர் அரசியல் சட்டம் அது. அப்படி ஒரு சுதந்திர நாடு அப்போது கிடையாது. ஆர்மீனியாவைப் பாரசீகமும் துருக்கியும் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. சென்னையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்த மனுஷன், தன் கையில் இல்லாத ஒரு தேசத்துக்குச் சட்டம் எழுதினான். இந்தக் காட்சியில் ஒரு முழு நாவல் இருக்கிறது. மணிகளைப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டால் அது அகப்படாது.

அடுத்தது பவழக்காரத் தெரு. லண்டனிலிருந்த யூத வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவழத்தை வாங்கி இங்கே அனுப்பினார்கள். அதற்கு ஈடாக இங்கிருந்து கோல்கொண்டா வைரம் போயிற்று. அவர்களுடைய ஆட்கள் இந்தப் பட்டணத்திலேயே குடியிருந்தார்கள். வலங்கைக்கும் இடங்கைக்கும் கோடு கிழித்த அதே தாமஸ் பிட், ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் பேரம் பேசி வாங்கிய பெரிய வைரம் 1717-இல் பிரெஞ்சு ராஜாங்கத்துக்கு விலையாகி, இன்று பாரிஸ் லூவர் காட்சிசாலையில் இருக்கிறது. யூதர்கள் போய்விட்டார்கள். தங்கசாலைத் தெருப் பக்கம் இருந்த அவர்களுடைய கல்லறைக் கற்கள்கூட இடம் மாறி மாறிக் கடைசியில் லாயிட்ஸ் ரோடுக்குப் போய்ச் சேர்ந்தன.

பிறகு அந்தத் தெருவுக்கு நாட்டுக்கோட்டையார்கள் வந்தார்கள். அவர்களுடைய வட்டிக்கடைகள் பர்மாவரை போயின. 1930-களின் கடைசியில் கீழ் பர்மாவின் நெல் வயல்களில் சுமார் கால் பங்கு அவர்கள் கைக்கு வந்திருந்தது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு பழைய நிலை திரும்பவில்லை. 1964-இல் பர்மா சர்க்கார் கடைகளைத் தேசியமயமாக்கியதும் அங்கே பிழைத்துக்கொண்டிருந்த சாதாரணத் தமிழர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பினார்கள். அவர்களுக்காக 1969-இல் கடற்கரை ஸ்டேஷன் ஓரத்துப் பிளாட்பாரத்தில் பர்மா பஜார் வந்தது. பவழக்காரத் தெரு வீடும் பர்மா பஜார் பெட்டிக்கடையும் நடைக் கட்டுரையில் இரண்டு தனித்தனிக் காட்சிகள். ஒன்று கம்பீரம், மற்றது விநோதம். அங்கே அத்தோ என்று ஒரு பர்மியப் பண்டமும் கிடைக்கிறது என்று ருசிக்காக ஒரு வரி. ஆனால் இரண்டும் ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள். பெட்டி நிறையப் பத்திரத்தோடு திரும்பியவனும் வெறுங்கையோடு திரும்பியவனும் அரை மைல் தூரத்துக்குள் வந்து இறங்கினார்கள். அவர்கள் தெருவில் எதிர்ப்பட்டால் என்ன பேசியிருப்பார்கள்? நாவலாசிரியன் கேட்கவேண்டிய கேள்வி இது.

இங்கேதான் நம்முடைய நாவல்களைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. நம் கதைகளில் சென்னை என்றால் பெரும்பாலும் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, மாம்பலம். கதாநாயகன் ஹைகோர்ட்டு வரை வருவான். டிராம் ஓடிய 1953 வரை டிராமில் வந்தான். பிறகு பஸ்ஸில் வந்தான். கோடௌன் தெருவில் ஜவுளி வாங்குவான். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிவிடுவான். கதையும் அவனோடு திரும்பிவிடும். சமீப காலத்தில் வடசென்னையிலிருந்தே எழுத வந்தவர்கள் குடிசைகளையும் மீனவர் குப்பங்களையும் ஆலைத் தெருக்களையும் எழுதியிருக்கிறார்கள். அது பெரிய லாபம். ஆனால் ஜார்ஜ் டவுனின் இந்த வியாபாரத் தெருக்கள் இன்னும் பெரும்பாலும் எழுதப்படாமலே கிடக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழ்ப் புத்தகம் என்கிற சரக்கு உருவான பேட்டைகளில் முக்கியமானது இது. தங்கசாலைத் தெருவில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அச்சகம் வைத்து நூல்கள் பதிப்பித்தார். அதற்குப் பக்கத்திலே ஏழுகிணற்றில் குடியிருந்துகொண்டுதான் இளைஞராயிருந்த இராமலிங்க வள்ளலார் கந்தகோட்டத்து முருகனைப் பாடினார். 1867-இல் திருவருட்பா அச்சானதும் அது அருட்பாவா மருட்பாவா என்று எழுந்த சண்டை கண்டன நூல்களாகக் குவிந்தது. மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரை அது போயிற்று. இன்றைக்கும் ஆண்டர்சன் தெருவில் காகிதம் விற்கிறார்கள். நாவலுக்கு வேண்டிய தாள் இந்தத் தெருக்களிலிருந்து போயிற்று. நாவலாசிரியனுடைய கண் மட்டும் இந்தப் பக்கம் அதிகம் திரும்பவில்லை.

பல இனத்தவர் நெருக்கியடித்து வாழும் ஒரு தெருவை உள்ளிருந்து அறிந்து எழுதிய தமிழ் நாவல் எது என்று கேட்டால், ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைத்தான் நான் சொல்லுவேன். 1972-இல் வந்தது. அதிலுள்ள தெரு சென்னையில் இல்லை. சுமத்ராவின் மேடானில் இருக்கிறது. சீனர், மலாய்க்காரர், டச்சுக்காரர், தமிழர் எல்லோரும் அங்கே உண்டு. ‘எல்லோரும் ஒரு குடும்பம்’ என்கிற பேச்சு அந்த நாவலில் எங்கும் கிடையாது. செட்டியார்களின் கிட்டங்கிகளில் பெட்டியடிப் பையன் எங்கே உட்காருவான், மேலாள் எப்படிப் பேசுவான், யார் யாரிடம் எவ்வளவு நம்பிக் கொடுக்கலாம் என்பதெல்லாம் ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது. காரணம் எளிது. சிங்காரம் இளவயதில் அந்த ஊருக்கு வேலைக்குப் போனவர். அவர் மேடானைப் பார்க்கப் போகவில்லை, பிழைக்கப் போனார். பிழைக்கப் போனவன் ஒரு தெருவை அறிகிற விதம் வேறு. எந்தக் கதவைத் தட்டலாம், எதைத் தட்டக் கூடாது என்பது அவனுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் அவன் பட்டினி கிடக்கவேண்டியதுதான்.

ஜார்ஜ் டவுனில் இந்த அறிவு யாரிடம் இருக்கிறது? நயினியப்ப நாயக்கன் தெருவில் மூட்டை தூக்குகிறவனிடம் இருக்கிறது. பாரவண்டியைத் தள்ளிக்கொண்டு “ஓரம், ஓரம்” என்று கத்திக்கொண்டு வருகிறானே, அவனுக்கு மாடியில் இருக்கும் மர வேலைப்பாடு தெரியாது. அண்ணாந்து பார்க்க அவனுக்கு நேரம் இல்லை. ஆனால் எந்தச் சந்தில் வண்டி திரும்பும், எந்தக் கிடங்குச் சாவி யாரிடம் இருக்கிறது, எந்த முதலாளி கூலியை இழுத்தடிப்பார் என்பது தெரியும். மாடியைப் பார்த்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்கும் நாம் அவனுக்கு ஓர் இடைஞ்சல். நம்முடைய கட்டுரையில் அவன் ‘நெரிசல்’ என்கிற ஒரு வார்த்தையாக வருகிறான்.

காரியமாகப் போகிறவனுக்குத் தன் காரியம் மட்டும்தானே கண்ணில் படும், முழு ஊரையும் பார்க்க வேடிக்கை பார்க்கிறவன்தானே வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மூட்டை தூக்குகிறவனுக்கு ஷாஹமீரியனைத் தெரியாது. தெருவின் 300 வருஷத்தை அவன் முதுகில் ஏற்றிவைக்கவும் முடியாது. நடைக்காரர்கள் இல்லாவிட்டால் இந்தச் சரித்திரத்தில் பாதி நமக்கே தெரிந்திராது. பாரிமுனைத் தூணை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

இளங்கோவடிகளும் இரண்டையும்தான் எழுதினார். ஊர்காண் காதையை விட்டுவிட்டுக் கொலைக்களக் காதையை மட்டும் வைத்திருந்தால், ஒரு திருட்டு வழக்கில் ஓர் அப்பாவி செத்தான் என்பதோடு விஷயம் முடிந்திருக்கும். மணித் தெருவை முன்னால் காட்டியதால்தான் மதுரை முழுவதும் அந்தக் குற்றத்துக்குப் பொறுப்பாகிறது. மதுரை எரியும்போது நமக்கு அது நியாயமாகவும் படுகிறது, வயிறும் எரிகிறது. அவர் செய்யாத ஒன்று, முதல் காதையோடு நிறுத்திக்கொண்டது. நம்முடைய கட்டுரைக்காரர்கள் நிறுத்திக்கொள்ளுகிறார்கள். நாவலாசிரியர்களில் பலர் அதைக்கூட ஆரம்பிக்கவில்லை.

ஆகவே இந்தப் பழைய பேட்டையைப் பற்றி இனி எழுத வருகிறவர்களிடம் வாசகர்கள் சில கேள்விகளைக் கேட்டு வாங்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். எத்தனை மதத்துக் கோயில்கள் இருக்கின்றன என்பது வழிகாட்டிப் புத்தகத்திலேயே இருக்கிறது. இந்த வீட்டை யார் யாருக்கு விற்றார்கள், ஏன் விற்க நேர்ந்தது? அந்தத் தெருவுக்குள் முன்பு யார் ஊர்வலம் போக முடியாது, இன்று யாருக்கு அங்கே வாடகைக்கு வீடு கொடுக்கமாட்டார்கள்? பக்கத்துக் கடைக்காரர்கள் இருவர் வெவ்வேறு பாஷை பேசிக்கொண்டு, ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடாமல், முப்பது வருஷமாக எந்தக் கையெழுத்தும் இல்லாமல் ஆயிரக்கணக்கில் கைமாற்றுக் கொடுத்து வாங்குகிறார்களே, அந்த நம்பிக்கைக்கு என்ன பெயர்? அதற்கு அன்பு என்கிற பெயர் பொருந்தாது. வெறும் லாபம் என்றும் சொல்லிவிட முடியாது. அதற்குச் சரியான பெயரைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல நாவல் வேண்டும்.

அதை எழுதப் போகிறவர் எவராயிருந்தாலும் ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு, கடைகள் திறந்திருக்கும் ஒரு நாளில், விற்பதற்கோ வாங்குவதற்கோ கையில் ஏதாவது எடுத்துக்கொண்டு அங்கே போகவேண்டும்.